விஜய் மரத்துக் காய்

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் மனிதர்கள் இரண்டே வகைதான். குளிக்க வந்தவர்கள் ஒரு வகை. குளித்து நடுங்கிக்கொண்டு வருகிறவர்களுக்குச் சூடாக எதையாவது விற்கிறவர்கள் இன்னொரு வகை. மணிமுத்து இரண்டாவது வகை. பழைய குற்றாலத்துக்குப் போகிற பாதையில், வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, நீலத் தார்ப்பாய் கட்டிய பஜ்ஜிக் கடை அவனுடையது. மாவு கரைப்பதும், வாழைக்காய் சீவுவதும், தட்டில் சட்னி ஊற்றிக் கொடுப்பதும் அவன். எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்பது அவன் மனைவி நிர்மலாதேவி. அரிகரண்டியை அவனிடம் கொடுக்க மாட்டாள்.

"நீங்க போட்டா பஜ்ஜியும் குளிக்க வந்தவன் மாதிரில்லா இருக்கு. நல்லா முங்கிட்டு சொட்டச் சொட்ட எந்திரிக்கும்" என்பாள்.

அந்த வருஷம் ஆனி பிறந்ததுமே மலை மூடிக்கொண்டது. காலையில் இலஞ்சியில் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பும்போதே சண்டை. சண்டை தேங்காயைப் பற்றி.

"வீட்டுக்குப் பின்னால மரம் நிக்கு. காய் நெத்தாகித் தன்னால விழுது. நீங்க என்னடான்னா தென்காசி மார்க்கெட்டுல போயி தேங்கா வாங்கிட்டு வாறிய. கேக்கவன் சிரிக்க மாட்டானா?"

"அந்தக் காய் சட்னிக்கு ஆகாது."

"போன வருசம் வரைக்கும் ஆச்சே?"

"மரத்துக்கு வயசாயிட்டு."

"விஜய்க்கு என்ன வயசோ அதான் மரத்துக்கும். பிள்ளைய மிலிட்டரியில எடுத்திருக்கான். மரம் சட்னிக்கு ஆகாதாக்கும்?"

மணிமுத்து கடலைமாவுப் பையைச் சைக்கிளில் ஏற்றினான். பதில் அவனிடம் இருந்தது. சொல்லக்கூடியதாக இல்லை.

அந்தத் தென்னைக்கு வீட்டில் விஜய் மரம் என்றுதான் பெயர். மகன் விஜய்பாண்டி பிறந்தபோது வைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி பிடிக்க மணிமுத்து தென்காசிக்கு ஓடினான். அவன் வண்டியோடு திரும்பி வருவதற்குள் பிள்ளை பிறந்துவிட்டது. பிரசவம் பார்த்த பக்கத்து வீட்டுக்காரி நஞ்சுக்கொடியை ஒரு மண்கலயத்தில் போட்டு அவன் கையில் கொடுத்து, "நாய் நரி தோண்டாம ஆழமா வச்சு மூடு. மேல ஒரு தென்னம்பிள்ளைய நடு. உள்ள கெடக்கது உள்ள நல்லாருந்தாத்தான் வெளிய வந்தது வெளிய நல்லாருக்கும்" என்றாள். வந்த வண்டிக்காரனுக்குச் சும்மா வந்ததற்கு வாடகை கொடுத்துவிட்டு, மணிமுத்து இடுப்பளவு தோண்டினான். கலயத்தை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இறக்கி வைத்தான். அதற்குப் பிறகு அவன் அத்தனை கவனமாக எதையும் மண்ணில் வைத்ததில்லை, போன தை மாதம் வரைக்கும்.

போன தையில்தான் நிர்மலாவுக்கு ஆபரேஷன் நடந்தது. தீட்டு நின்று சில வருஷம் ஆனவளுக்குத் திரும்பவும் பட ஆரம்பித்திருந்தது. சீசன் முடியட்டும் என்று இருந்தாள். சீசன் முடிந்தது. ஐயப்பன்மார் கூட்டம் முடியட்டும் என்று இருந்தாள். குற்றாலத்தில் வியாபாரம் செய்கிறவர்களுக்கு நோய் பார்ப்பதற்கு என்று தனியாக ஒரு பருவம் உண்டு. அது அருவியில் தண்ணீர் வற்றுகிற பருவம். அந்த வருஷம் தண்ணீர் லேசில் வற்றவில்லை.

சுரண்டையில் ஒரு நர்சிங்ஹோமில் பார்த்துவிட்டு, "கட்டி இருக்கு, கர்ப்பப்பையை எடுத்திரலாம்" என்றார்கள். எடுத்தார்கள். எடுத்த அன்று மத்தியானம் நர்ஸ் வெளியே வந்து, வெள்ளை பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றை, மூடிமேல் பிளாஸ்திரி ஒட்டி, மணிமுத்துவின் கையில் கொடுத்தாள். "திருநெல்வேலியில லேபுல குடுத்திருங்க. ரிப்போர்ட் ரொம்ப முக்கியம்னு டாக்டர் சொல்லச் சொன்னாங்க." இந்தப் பக்கத்தில் அதுதான் நடைமுறை. நோயாளிக்கு ஆர்லிக்ஸ் வாங்கி வருகிறவனே நோயாளியிடமிருந்து எடுத்ததையும் சுமந்துகொண்டு போக வேண்டும்.

பஸ்ஸில் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, நார்த்தங்காயா?"

"ஆமா" என்றான் மணிமுத்து.

"உப்பு பத்துமா போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

திருநெல்வேலியில் லேபைக் கண்டுபிடித்து, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த ஆளிடம் பாட்டிலை நீட்டினான். அவர் சீட்டைப் பார்த்துப் பெயரை எழுதினார். வச்சிட்டுப் போங்க, அடுத்த வாரம் வாங்க என்றார். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். மணிமுத்து ஒரு கேள்வி கேட்டான்.

"பாத்த பொறவு இதை என்ன செய்விய?"

"எதை?"

"இதைத்தான்."

"கழிவுல போயிரும் அண்ணாச்சி. மஞ்சப் பையில கட்டி வச்சா வண்டி வந்து அள்ளிட்டுப் போயிருவான்."

மூலையில் மஞ்சள் பை ஒன்று வாய் கட்டிக் கிடந்தது. அதன்மேல் யாரோ டீ குடித்த காகிதக் கப்பை வைத்திருந்தார்கள். மணிமுத்து அந்தக் கப்பையே பார்த்துக்கொண்டு நின்றான். தன் மகன் பத்து மாதம் குடியிருந்த இடம் அது. மகன் கழற்றிப் போட்ட கொடிக்கே இடுப்பளவு குழி தோண்டிய கை இது.

"ஒரு நிமிசம்" என்று சொல்லிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், அந்த ஒரு நிமிசத்தை இன்னும் முடிக்கவில்லை.

அன்று சாயங்காலம் இலஞ்சியில், நிர்மலாவின் பழைய நூல்சேலையைக் கிழித்து அதில் பொதிந்து, விஜய் மரத்துக்கு அடியில் ஆழமாக வைத்து மூடினான். பாட்டிலில் இருந்த மருந்துத் தண்ணீரை வேலியோரம் கொட்டினான். கொட்டிய இடத்தில் புல் கருகி, ஒரு தட்டு அளவுக்கு மொட்டையாகக் கிடந்தது. அதைத் தவிர மற்றதெல்லாம் நல்லபடியாக நடந்ததாகவே அவனுக்குப் பட்டது. புளியமரத்தையே வெட்டி எடுத்த பிறகு புளி எங்கிருந்து வரும்? நோய் இருந்த இடமே இல்லை. இல்லாத இடத்துக்கு ரிப்போர்ட் எதற்கு?

தையல் பிரிக்கப் போனபோது டாக்டர் ரிப்போர்ட் கேட்டார். "இன்னும் வரலையாம்" என்றான். வந்ததும் கொண்டுவரச் சொன்னார். அவன் அந்தப் பக்கமே போகவில்லை. நிர்மலா கேட்டபோது, "ஒண்ணுமில்லையாம். சாதாரணக் கட்டிதானாம்" என்றான்.

அவள் அழுதாள். தையல் காய்ந்ததும் இசக்கியம்மனுக்குப் பொங்கல் வைத்தாள். வராத ரிப்போர்ட்டுக்கு நன்றி சொல்லி வைத்த பொங்கலை மணிமுத்து இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். அம்மனும் சாப்பிட்டாள். இரண்டு பேரும் வெளியே சொல்லவில்லை.

அவளுக்கு முடியவில்லை என்பதை, சாரல் தொடங்கியதும், முதலில் கண்டுபிடித்தது பக்கத்துக் கடை பாரூக். மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கிறவன்; பழத்தைத் தொடாமலே உள்ளே அழுகலா என்று சொல்லிவிடுவான் என்று அவனே சொல்லிக்கொள்வான்.

"அண்ணாச்சி, மைனி உக்காந்து பஜ்ஜி போடுதாவ."

"அதுக்கென்ன? காலு கடுக்கும்."

"நான் இங்கன கடை போட்ட நாள்ல இருந்து பாக்கேன். மைனி சட்டி முன்னால உக்காந்து பாத்ததே இல்ல."

மணிமுத்து திரும்பிப் பார்த்தான். நிர்மலா காலி எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். இடது கை இடுப்பில் இருந்தது. மழையில் நனைந்த ஒரு குடும்பம் தட்டுகளை நீட்டிக்கொண்டு நிற்க, அவள் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் மிளகாய் பஜ்ஜி கருகிக்கொண்டிருந்தது. நிர்மலாவின் சட்டியில் எதுவும் கருகியதில்லை.

அன்றைக்கு வீட்டில் துணி காயும் கொடியைப் பார்த்தான். அவள் துணிகள் தனியாக, வேலியோரம், யார் கண்ணிலும் படாமல் காய்ந்தன. எல்லாம் அடர்ந்த நிறச் சேலைகள். மஞ்சளும் வெளிர் பச்சையும் விரும்பிக் கட்டுகிறவள் எப்போதிருந்து இப்படி என்று யோசித்தான். ஞாபகம் வரவில்லை.

"ஏட்டி, என்ன செய்யுது உனக்கு?"

"ஒண்ணுமில்ல. இடுப்பு வலி. சாரல்ல நிக்கோம்லா."

"வேற ஏதும்...?"

"அதான் ஒண்ணுமில்லைன்னு ரிப்போர்ட்டு வந்துட்டே. பொறவு என்ன? சீசன் முடியட்டும்."

அவன் சொன்ன பொய்யை அவனிடமே திருப்பிக் கொடுத்தாள், மருந்துக் கடைச் சீட்டைக் காட்டுகிற மாதிரி. அதை வாங்கிக்கொண்டு அவன் படுத்தான்.

அடுத்த வாரம் மலையில் நல்ல மழை. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டார்கள். குளிக்க முடியாதவர்கள் அந்தக் கோபத்தில் பஜ்ஜி தின்றார்கள். அந்தக் கூட்டத்தில் குடையை மடக்கியபடி பாரூக்கின் அக்கா ஆசியா வந்தாள். தென்காசி பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். பாரூக்தான் போன் போட்டு வரச் சொன்னான் என்பது பிறகுதான் தெரிந்தது. வந்தவள் தட்டில் நாலு பஜ்ஜி வாங்கி, ஒன்றைக்கூடத் தின்னாமல், அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"மைனி, எத்தனை நாளா படுது?"

"என்ன படுது?"

"எங்கிட்ட என்ன மறைப்பு? வாடை வருது மைனி."

எண்ணெய்ப் புகையிலும் மழையிலும் மசாலாவிலும் நிற்கிறவள் மேல் வாடை வருகிறது என்றால் சண்டைக்குத்தான் வருவாள். நிர்மலா வரவில்லை. அரிகரண்டியைச் சட்டி விளிம்பில் தட்டிவிட்டு, "சித்திரையில இருந்து. தண்ணி மாதிரி. இடையில ரத்தம்" என்றாள். நாலு எட்டு தள்ளி வாழைக்காய் சீவிக்கொண்டிருந்த மணிமுத்துவுக்கு அது கேட்டது. சித்திரை என்றால் இவளுக்கு இவ்வளவு நாளும் தெரிந்திருக்கிறது.

"யாருகிட்டயும் காட்டலையா?"

"கர்ப்பப்பையத்தான் எடுத்தாச்சே. எதைக் காட்ட? அதுவும் ரிப்போர்ட்டுல ஒண்ணுமில்லைன்னு..."

"நீங்க ரிப்போர்ட்ட பாத்தியளா?"

"அவுஹ பாத்தாவ."

ஆசியா திரும்பி மணிமுத்துவைப் பார்த்தாள். மணிமுத்து கத்தியைப் பார்த்தான்.

"இது புத்துநோயா இருக்குமா?" என்று நிர்மலாவே கேட்டாள். மிளகாய் காரமா என்று கேட்கிற குரலில்.

"தெரியாது மைனி. பாத்தாத்தான் தெரியும்."

"பாக்கணும்னா திருவனந்தபுரம்லா போணும்?"

தென்காசிக்காரர்களுக்குப் புற்றுநோய் என்பது ஒரு வியாதி அல்ல, ஒரு பஸ் ரூட். செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு என்று மலை ஏறி இறங்கி, தெரியாத பாஷையில் வரிசையில் நின்று, லாட்ஜில் தங்கி, திரும்பவும் மலை ஏறி இறங்க வேண்டும். பாதிப் பேர் இரண்டாம் தடவை போவதில்லை. கேட்டால், "அவியளுக்கு உடம்பு தாங்கல" என்பார்கள். தாங்காதது நோயா பயணமா என்று யாரும் பிரித்துச் சொன்னதில்லை.

"திருவனந்தபுரமும் வேண்டாம், மதுரையும் வேண்டாம்" என்றாள் ஆசியா. "இப்ப ஒரு டாக்டரம்மா மாசத்துக்கு ஒருநா நம்ம ஆஸ்பத்திரிக்கே வாறாவ. கர்ப்பப்பை புத்துநோய்க்குன்னே தனியாப் படிச்சவுஹ. புதன்கிழம வாறாவ. நீங்க வாறிய."

"புதன்கிழம கடை..."

"கடைய எங்க தம்பி பாப்பான்."

"நானா?" என்றான் பாரூக். "நான் பஜ்ஜி போட்டா நாளைக்கு எவனும் இந்தப் பக்கம் வரமாட்டான்."

"அப்ப பூட்டு" என்றாள் ஆசியா.

புதன்கிழமை ஆஸ்பத்திரி வராண்டா நிறையப் பெண்கள். சங்கரன்கோவில் பக்கம், கடையநல்லூர், வீரகேரளம்புதூர், சுரண்டை என்று கையில் ஒயர்கூடையோடு வந்திருந்தார்கள். கூட வந்த ஆண்கள் எல்லாரும், ஏதோ வேறு வேலையாக இந்தப் பக்கம் வந்தவர்களைப் போல, சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் நின்றார்கள். ஒருவர் மணிமுத்துவிடம், "உங்களுக்கு?" என்று கேட்டார். "வீட்டுல" என்றான். "நமக்கும் வீட்டுலதான்" என்றார் அவர்.

டாக்டர் சண்முகசுந்தரிக்கு நாற்பது வயது இருக்கும். மேஜையில் பாதி குடித்து ஆறிய டீ இருந்தது. நிர்மலாவைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார். ஆசியாவும் உள்ளே போனாள். மணிமுத்து மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். உள்ளே இரும்புச் சாமான்கள் தட்டில் விழுகிற சத்தம். "மூச்சை இழுத்து விடுங்க. இன்னும் கொஞ்சம்." நிர்மலாவின் குரல் கேட்கவே இல்லை. பிரசவத்தின்போதும் அவள் கத்தவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னது ஞாபகம் வந்தது.

டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். நிர்மலா திரைக்குள் சேலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"கர்ப்பப்பை எடுத்த இடத்துல, மேல, ஒரு வளர்ச்சி இருக்கு. தொட்டா ரத்தம் வருது. போன ஆபரேஷன் பண்ணின சீட்டு கொண்டு வந்திருக்கீங்க, சரி. பயாப்ஸி ரிப்போர்ட் எங்க?"

மணிமுத்து மேஜையில் ஆறிக் கிடந்த டீயைப் பார்த்தான்.

"எடுத்த கர்ப்பப்பைய டெஸ்டுக்கு அனுப்பினாங்கல்ல? அந்த ரிப்போர்ட். இல்லைன்னா எந்த லேபுன்னு சொல்லுங்க. அவங்ககிட்ட சதையைச் சீவி வச்ச கண்ணாடி ஸ்லைடு இருக்கும், நான் வரவழைச்சுப் பாத்துக்கிடுதேன். அதைப் பாத்தா என்ன வகை, எவ்வளவு ஆழம், எல்லாம் தெரிஞ்சிரும்."

"லேபுல இல்ல, டாக்டரம்மா."

"பின்ன?"

"வீட்டுக்குப் பின்னால இருக்கு."

டாக்டர் அவனையே பார்த்தார். ஆசியா திரையோரம் அப்படியே நின்றாள். மணிமுத்து சொல்ல ஆரம்பித்தான். மெதுவாக ஆரம்பித்து, பிறகு நிறுத்த முடியாமல் சொன்னான். மஞ்சள் பை, டீ கப், நூல்சேலை, தென்னை. "குப்பையில போடுவோம்னு சொன்னான் டாக்டரம்மா. எம் பிள்ளை இருந்த இடம். அதைப் போயி..." என்று நிறுத்தியவன், திடீரென்று வழி கிடைத்தவனைப் போல நிமிர்ந்தான். "ஆழமாத்தான் வச்சிருக்கேன். நாய் தோண்டல. இப்பமே போயி தோண்டி எடுத்துட்டு வரட்டா?"

திரை லேசாக அசைந்தது. பிறகு அசையவில்லை.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றார் டாக்டர். அதுவரை அவர் யாரையும் அண்ணாச்சி என்று சொல்லவில்லை. "இனிமே அதுல ஒண்ணும் தெரியாது."

"நான் செஞ்சது தப்பு."

"தப்புதான். அன்னைக்கே தெரிஞ்சிருந்தா அடுத்த மாசமே கதிர்வீச்சு குடுத்திருப்போம். லேசா முடிஞ்சிருக்கும். இப்ப லேசா முடியாது." அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்களத் திட்டலாம். திட்டினா எனக்குக் கொஞ்சம் ஆறும். வெளிய அத்தனை பேர் நிக்காங்க, நேரமில்லை. இப்ப அந்த இடத்துல இருந்து ஒரு சின்னத் துண்டு எடுத்திருக்கேன். அது சொல்லும். ஸ்கேனும் எடுக்கணும். திருநெல்வேலியிலயே கதிர்வீச்சு இருக்கு. தினமும் போகணும், பல வாரம். உள்ள வச்சுக் குடுக்கிற கதிரும் வேண்டியிருக்கும். இடையில நிறுத்தக்கூடாது. நிறுத்துறதா இருந்தா இப்பமே சொல்லிருங்க."

"நிறுத்த மாட்டேன்."

"நான் உங்ககிட்ட கேக்கல" என்றார் டாக்டர்.

திரையை விலக்கிக்கொண்டு நிர்மலா வந்தாள். "நிறுத்த மாட்டேன்" என்றாள். "பொழச்சிருவனா?"

"துண்டு என்ன சொல்லுதுன்னு பாப்போம். வழி இருக்கு. இருக்கிறதாலதான் இவ்வளவும் சொல்றேன். இல்லாட்டி வேற மாதிரி பேசியிருப்பேன்."

நிர்மலா தலையாட்டினாள். புரிந்த தலையாட்டல்.

வராண்டா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒயர்கூடை. மழை ஓட்டு விளிம்பிலிருந்து கயிறு கயிறாக விழுந்தது.

"பொங்கல் வச்சேன்" என்றாள் நிர்மலா, மழையைப் பார்த்தபடி.

"ம்."

"தின்னிய."

"தின்னேன்."

"ரெண்டு தடவ வாங்கித் தின்னிய."

மணிமுத்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

"சித்திரையில பட ஆரம்பிச்சப்ப எனக்கு பயம் வந்துது. அன்னைக்கே ஆசியாட்ட போயிருப்பேன். பஸ்ஸுக்குக்கூடக் கிளம்பிட்டேன். பொறவு, ஒண்ணுமில்லைன்னு பெரிய லேபுலயே சொல்லிட்டானே, நாம போயி ஆஸ்பத்திரியில நின்னா சிரிப்பாவன்னு சேலைய மாத்திட்டு கடைக்கு வந்துட்டேன்." அவள் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "உங்களுக்கு அது குப்பையில போகக் கூடாது. எல்லாஞ் செரி. நான் இங்கன உசுரோடல்லா இருக்கேன்? என்னை எங்கன வைக்கதா நெனச்சிய?"

அவன் வாயைத் திறந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "பேசாண்டாம். பேசினா எனக்கு எரிச்சல்தான் வரும்."

வேப்பமரத்தடியில் ஒருவர் பீடி பற்றவைக்கத் தீக்குச்சி மேல் தீக்குச்சியாகக் கிழித்துக்கொண்டிருந்தார். எதுவும் பற்றவில்லை.

ஆசியா சின்னப் பாட்டில் ஒன்றோடு வந்தாள். முந்தியதைப் போலப் பெரிசல்ல. மருந்து பாட்டில் அளவுதான். உள்ளே தெளிந்த தண்ணீரில் பயறு மாதிரி ஏதோ அடியில் கிடந்தது. "இதை நாங்களே அனுப்பிருவோம் மைனி. இப்பல்லாம் யாரு கையிலயும் குடுக்கது இல்ல. ஆஸ்பத்திரி வண்டி திங்கக்கிழம போவும்" என்றாள். யாரு கையிலயும் என்று சொல்லும்போது மணிமுத்துவைப் பார்க்காமலிருக்கக் கவனமாக இருந்தாள்.

"திங்கக்கிழம வரைக்கும் இது இங்கன எதுக்குக் கெடக்கணும்?" என்றாள் நிர்மலா. "இவுஹகிட்ட குடு."

"மைனி..."

"குடு. இவுஹளே கொண்டு போவாவ."

"டாக்டரம்மா ஏசுவாவ மைனி. ஒருதடவ நடந்தது..."

"டாக்டரம்மாட்ட நான் சொல்லுதேன். திருநெல்வேலிக்கு இவுஹளுக்கு வழி தெரியும். லேபு வாசல் வரைக்கும் போயிட்டு வந்தவுஹதான்."

ஆசியா உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். என்ன பேசினார்களோ, திரும்பி வந்தபோது பாட்டிலை ஒரு துணிப்பையில் போட்டு, சீட்டையும் வைத்து, மணிமுத்துவின் முன் நீட்டினாள். அவன் இரண்டு கையையும் நீட்டி வாங்கினான். நிர்மலா ஒயர்கூடையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"நான் பாரூக் வண்டியில வீட்டுக்குப் போயிருவேன். நீங்க போங்க" என்றாள். படி இறங்கும்போது ஒருமுறை இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் தாங்கப் போனான். "பாட்டில் கீழ விழுந்திரப் போவுது" என்றாள்.

திருநெல்வேலி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாவூர்சத்திரத்தில் ஏறிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மடியில் காய்கறிச் சாக்கு, காலடியில் இன்னொன்று. ஆலங்குளம் தாண்டுகிறவரை பொறுத்திருந்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, சாமி பிரசாதமா? அப்பத்துல இருந்து பாக்கேன், ரெண்டு கையாலயும் பிடிச்சுட்டு வாறிய" என்றார்.

மணிமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். மழை இந்தப் பக்கம் இல்லை. காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன.

"என் வீட்டுக்காரி உடம்புல இருந்து எடுத்தது. புத்துநோயான்னு பாக்கக் கொண்டு போறேன்."

சத்தமாகச் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. முன்சீட்டில் இருவர் திரும்பினார்கள். பக்கத்தில் இருந்தவர் சாக்கைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். பயந்து நகர்கிறார் என்றுதான் மணிமுத்து நினைத்தான். அவர் காலடிச் சாக்கையும் இழுத்து இருக்கைக்குக் கீழே தள்ளிவிட்டு, "காலை நல்லா நீட்டி உக்காருங்க. ரோடு மோசம், குலுக்கும்" என்றார். கொஞ்ச தூரம் போனபிறகு, "எங்க தங்கச்சிக்கு இருந்தது. நாங்க சொல்லல. வெளியவே சொல்லல" என்றார். எங்கே இப்போது என்று மணிமுத்து கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

லேபில் அதே கண்ணாடித் தடுப்பு, அதே ஆள். அவருக்கு மணிமுத்துவை ஞாபகமில்லை. சீட்டைப் படித்தார்.

"நிர்மலாதேவி. நீங்க?"

"வீட்டுக்காரன்."

"வச்சிட்டுப் போங்க."

மணிமுத்து பாட்டிலைத் தடுப்புக்குக் கீழே உள்ள இடைவெளியில் வைத்தான். கையை எடுக்கவில்லை. மூலையில் மஞ்சள் பை இருந்தது. வேறு பையாக இருக்கும், அதே மாதிரி வாய் கட்டி.

"ஏதும் கேக்கணுமா அண்ணாச்சி?"

"இல்ல."

"அப்ப கைய எடுங்க."

எடுத்தான். அந்த ஆள் பாட்டிலில் ஒரு நம்பரை ஒட்டி, உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கதவு மூடியது. மணிமுத்து மூடிய கதவைப் பார்த்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்தான். இனி அவன் செய்ய அங்கே ஒன்றும் இல்லை. எழுந்திருக்கவும் முடியவில்லை.

போன் அடித்தது.

"குடுத்தாச்சா?" என்றாள் நிர்மலா. பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"குடுத்தாச்சு."

"அவன் உள்ள எடுத்துட்டுப் போனதைக் கண்ணால பாத்தியளா?"

"பாத்தேன்."

போனை வைத்துவிட்டாளோ என்று அவன் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். வைக்கவில்லை.

"பாரூக்க விட்டு மரத்துல ஏறச் சொல்லி ஒரு குலை வெட்டிப் போட்டாச்சு. நாளைக்குச் சட்னிக்கு அதான்" என்றாள். "வரும்போது தேங்கா வாங்காண்டாம்."